கேட்டையைப் பார்க்கப் போனோம்

உங்களுக்கு என்ன நட்சத்திரம்?

யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டு பேர், ராசி, நட்சத்திரம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பழகியவர்கள் நாம். சரி, அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது, கையை நீட்டிக் காட்டுங்கள் என்றால்? பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்போம். அவர் தன் செருப்பைப் பார்ப்பார்.

எங்கள் ஆபீசில் ஒரு மத்தியானம் இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் என் பக்கத்து ஸீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். மற்றவர்கள் பேசும்போது பில்களை சரிபார்த்துக் கொண்டிருப்பார். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தங்கைக்கு வந்த நாலாவது வரனும் கைவிட்டுப் போயிருந்தது. பெண் எம்.காம்., வங்கியில் வேலை, கலகலப்பான சுபாவம். எல்லாம் பிடித்திருந்தது அவர்களுக்கு. நட்சத்திரம் மட்டும் கேட்டை.

கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. மாமனாருக்கு மூலம், மாமியாருக்கு ஆயில்யம், கொழுந்தனுக்கு விசாகம் என்று குடும்பத்தில் ஆளுக்கொரு நட்சத்திரத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று வரன்களுக்கும் அண்ணன்கள் இருந்தார்கள். நாலாவது மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாடா என்று மூச்சு விட்டால், ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் துபாயில் இருக்கிறாராம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமைன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆபீஸ் என்றால் இப்படி ஒரு குரல் இருக்கத்தான் செய்யும்.

பக்கத்து ஸீட்டுக்காரர் கோபப்படவில்லை. "என் தங்கை ஒண்ணு கேட்டா சார். 'அண்ணா, எனக்கு முப்பது வயசாகப் போகுது. இத்தனை வருஷமா கேட்டை கேட்டைன்னு வீட்டில அழறாங்களே, அதை யாராவது ஒருத்தர் கண்ணால பார்த்திருக்கீங்களா?'ன்னா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. 'ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா. எவ்வளவு பெரிசு, என்ன கலர்னு வந்து சொல்லு'ன்னா."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போய்விட்டது. (தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு இரண்டு குழந்தைகள்.) நட்சத்திரம் பார்க்க ஓர் இடம் எனக்குத் தெரியும். சென்னைக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சித்திரை மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேட்டை கிழக்கே நன்றாக ஏறிவிடும். அமாவாசையை ஒட்டி ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். தங்கைக்கு அன்றைக்கு வங்கி வேலை நாள், வர முடியாது. "பார்த்துட்டு போன் பண்ணு" என்று சொல்லி, மிளகு வடை பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பினாள்.

மலைக்குப் போகும் முன் நுங்கம்பாக்கத்தில் ஒரு வேலை இருந்தது.

மழைக்காலத்தில் செய்தியில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்பார்களே, அந்த நுங்கம்பாக்கம். கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792-ல் கட்டி முடித்த சென்னை வானாய்வகத்தின் மிச்சம் அது. கட்டடம் போய்விட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய தூண் மட்டும், தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துக்களோடு நிற்கிறது. எங்கள் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரம். பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர் என் நண்பர். 'மழை எவ்வளவுன்னு சொல்ற இடம்' என்பதற்கு மேல் அவருக்கு அது ஒன்றுமில்லை.

இந்த வளாகத்தில் 1861-லிருந்து 1891-ல் சாகும்வரை அரசாங்க வானியலாளராக இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்ஸன் என்ற இங்கிலீஷ்காரர். உலகம் முழுக்க இன்றைக்கும் நட்சத்திரப் பிரகாசத்தை அளப்பது இவர் போட்ட கணக்கில்தான். நட்சத்திரங்களுக்கு ரேங்க் போடும் பழக்கம் அதற்கும் ரொம்பப் பழசு. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. கிரேக்கர்கள் பளிச்சென்று இருப்பதை முதல் ரேங்க் என்றார்கள், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் என்பதை ஆறாம் ரேங்க் என்றார்கள். ஸ்கூல் மாதிரிதான், எண் குறையக் குறைய கெட்டிக்காரன். ஆனால் எல்லாம் கண் மதிப்பு. ஒருவருக்கு இரண்டாவது என்றால் இன்னொருவருக்கு மூன்றாவது.

போக்ஸன் 1856-ல், சென்னைக்கு வருவதற்கு முன்பே, அதைக் கணக்குக்குள் கொண்டு வந்தார். முதல் ரேங்குக்கும் ஆறாம் ரேங்குக்கும் இடையே ஐந்து படி. ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் சரியாக நூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. அவ்வளவுதான் விஷயம். இந்த 2.512-க்கு 'போக்ஸன் விகிதம்' என்றே பெயர். இந்த அளவுகோலில் சூரியன் மைனஸ் 26.7, பௌர்ணமி நிலா மைனஸ் 12.7. நம் கேட்டை ஏறக்குறைய 1.

போக்ஸனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்துக்காரர். இந்த நுங்கம்பாக்கத்தில் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து, 1867-ல், பிரகாசம் ஏறி இறங்கும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். தெற்கு வானத்தில் ரெடிகுலம் என்ற கூட்டத்தில் இருப்பது. லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் இந்தியர் ஒருவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதற்கு இவர்தான் ஆரம்பம். பஞ்சாங்கம் தெரிந்தவருக்கு வானத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

"இவரோட பேரன் யாராவது ஜாதகம் பார்க்கிறாங்களா சார்?" என்றார் நண்பர்.

சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்து வாணியம்பாடியில் இறங்கினோம். ராத்திரி மலையிலிருந்து இறங்க பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் ஒரு வாடகைக் கார். ஆலங்காயம் தாண்டியதும் ரோடு மலையேற ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் புழுக்கம் விட்டுப்போகிறது. காவலூர் ஒன்றும் ஊட்டி அல்ல, 725 மீட்டர் உயரம்தான். ஸ்வெட்டர் எடுத்து வந்திருந்த நண்பர் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

காட்டுக்குள் சுமார் 40 ஹெக்டேர் இடம். மரங்களுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் குவிமாடங்கள். இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். நல்ல இருட்டும் தெளிந்த வானமும் வேண்டும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று தேடினார். அப்போதுதான் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். காவலூர் பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்தார்கள். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது தெரியவந்தபோது அந்தக் கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்கு இருந்தது. பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர், தொலைநோக்கி இந்தியாவிலேயே செய்தது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். அதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-லேயே இறந்துவிட்டார். ஆய்வகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இப்போது நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதுவரை நாட்டில் இதுதான் பெரிசு.

பெரிய குவிமாடத்துக்குள் பேச்சு எதிரொலிக்கிறது. நாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். நண்பர் தொலைநோக்கியைக் கீழிருந்து மேல்வரை பார்த்துவிட்டு, "கேட்டையை இதுலதான் காட்டுவாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை. இது ஆராய்ச்சிக்காரர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்குச் சின்னதாக ஓர் ஆறங்குலத் தொலைநோக்கி தனியாக இருக்கிறது.

ஏழு மணிக்கு இருட்டியது. 'இருட்டியது' என்று சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது அந்த வார்த்தைக்குப் பலம் போதவில்லை. எங்கள் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பேப்பர் படிக்கலாம். இங்கே என் கையே எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் பொறுத்தால் கண் பழகிவிடும் என்றார்கள். பழகியது. அண்ணாந்து பார்த்தேன்.

யாரோ கோலமாவு டப்பாவைத் தட்டிவிட்டதுபோல் இருந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவும் நம்ம ஊருக்கு மேலயும் இருக்கா சார்?" என்றார்.

காட்ட வந்த ஊழியர் மேற்கிலிருந்து ஆரம்பித்தார். தென்மேற்கே பளீரென்று எரிந்தது சிரியஸ். ராத்திரி வானத்தின் நட்சத்திரங்களில் பிரகாசத்தில் முதல் இடம் அதற்குத்தான், போக்ஸன் கணக்கில் மைனஸ் ஒன்றரை. அதற்கு இடதுபுறம், தாழ்வாக, மலை விளிம்பை ஒட்டி இன்னொன்று. நம் அகத்தியர். சிரியஸின் வெளிச்சத்தில் பாதிதான் இருக்கும். இரண்டாம் இடம்.

"இப்ப நிஜத்தைச் சொல்லட்டுமா?" என்றார் ஊழியர். சிரியஸ் நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வீடு. அகத்தியர் 310 ஒளியாண்டு. சிரியஸ் நம் சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு வெளிச்சம் தரும். அகத்தியர் பத்தாயிரம் மடங்குக்கு மேல். இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்தால் அகத்தியருக்கு முன்னால் சிரியஸ் எடுபடவே எடுபடாது.

எங்கள் கார் டிரைவர் அப்போதுதான் கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பி நின்று, பீடி பற்ற வைத்தார். தூரத்து மலைச்சரிவில் ஏதோ லாரி ஏறிக்கொண்டிருந்தது. ஊழியர் இரண்டையும் காட்டினார். "இங்கேருந்து பார்த்தா எது பெரிய வெளிச்சம்? பீடிதானே?" என்றார். டிரைவர் பயந்து பீடியை அணைத்துவிட்டார்.

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிறது. தூரம் பத்து மடங்கானால் நூற்றில் ஒன்று. ஆகையால் வானத்து ரேங்க் பட்டியலை அப்படியே நம்புவது, கேபினுக்கு வெளியே நிற்கும் பியூனைப் பார்த்து இவர்தான் கம்பெனியில் பெரிய ஆள் என்று முடிவு கட்டுவதைப் போல. வானியல்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், எல்லா நட்சத்திரத்தையும் கணக்கிலேயே கொண்டுவந்து 32.6 ஒளியாண்டு தூரத்தில் வரிசையாக நிற்க வைத்து மறுபடி ரேங்க் போடுகிறார்கள். அந்த வரிசையில் நம் சூரியனுக்கு 4.8. அந்தத் தூரத்தில் வைத்தால் காவலூரில் கஷ்டப்பட்டுத் தெரியும். சென்னையில் தெரியாது.

மேற்கே கொஞ்சம் உயரத்தில் சிவப்பாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. திருவாதிரை. இது 2019 கடைசியில் திடீரென்று மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. வெடிக்கப் போகிறது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அது தன்னிடமிருந்தே வாயுவைக் கக்கி, அது குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவில் திரை போட்டதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. சிகரெட் புகைக்குப் பின்னால் முகம் தெரியாமல் போகிற மாதிரி.

தென்கிழக்கே சித்திரை. என் நட்சத்திரம். நீலம் கலந்த வெள்ளை. ஒன்று போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு நட்சத்திரங்களாம். நாலு நாளைக்கு ஒரு தரம் ஒன்றையொன்று சுற்றி வருகின்றனவாம். நாற்பத்திரண்டு வருஷம் ஒற்றை ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுசு.

ஒன்பதரை மணி சுமாருக்கு ஊழியர் கிழக்கே கையைக் காட்டினார். "அதோ, கேட்டை."

மரங்களுக்கு மேலே, தென்கிழக்கில், விருச்சிகத்தின் தலையும் இரண்டு பக்கமும் கொடுக்கு மாதிரி நட்சத்திரங்களும். நடுவில் தணல்போல் ஒரு பொட்டு. நண்பர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டை இவ்வளவு வருஷம் ஆட்டிவைத்த ஆளை முதல்முதலாக நேரில் பார்க்கிறார். பிறகு தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

"என்ன சார், இதிலும் புள்ளியாத்தான் இருக்கு!"

புள்ளியாகத்தான் இருக்கும். நிலாவைத் தொலைநோக்கியில் பார்த்தால் பெரிசாகும், பள்ளமெல்லாம் தெரியும். நட்சத்திரம் ஆகாது. ஆறங்குலத்தில் அல்ல, அந்தப் பெரிய குவிமாடத்துக்குள் இருப்பதில் பார்த்தாலும் பளீரென்ற புள்ளிதான். அவ்வளவு தூரம். கேட்டை சுமார் 550 ஒளியாண்டு. அன்றைக்கு அவர் கண்ணில் விழுந்த வெளிச்சம், வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்குவதற்கும் முன்பு அங்கிருந்து கிளம்பியது.

"அப்ப எவ்வளவு பெரிசுன்னு எப்படி சார் சொல்றாங்க? என் தங்கை அதைத்தான் முதல்ல கேட்பா."

இங்கேதான் எனக்கு அந்த ராத்திரியின் டிக்கெட் காசு வசூலானது. கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சள், இன்னும் சூடு ஏறினால் வெள்ளை. நட்சத்திரமும் அப்படியே. சிவப்பு என்றால் சூடு கம்மி. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, கேட்டை 3,300 டிகிரி. இந்த வித்தியாசம் கொஞ்சம்போல் தெரியும். ஆனால் சூடு குறைந்தால் வெளிச்சம் படுவேகமாக விழுந்துவிடும். சூரியனின் ஒரு சதுர அடி தருவதில் ஏழில் ஒரு பங்குதான் கேட்டையின் ஒரு சதுர அடி தரும். அதாவது அடுப்பு மந்தம். அப்படியிருந்தும் மொத்தமாகப் பார்த்தால் கேட்டை சூரியனைப்போல் பல பத்தாயிரம் மடங்கு சக்தியைக் கொட்டுகிறது. மந்தமான அடுப்பில் ஊருக்கே சமைக்க வேண்டுமென்றால் அடுப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அந்தக் கணக்குதான். விட்டம் சூரியனைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு. கணக்கு மட்டுமில்லை, நேரடியாகவும் அளந்துவிட்டார்கள். 1920-ல் கலிஃபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில், தள்ளித்தள்ளி வைத்த கண்ணாடிகளால் ஒளியைச் சேர்த்து, முதன்முதலாகத் திருவாதிரையின் அகலத்தை அளந்தார்கள்.

எழுநூறு மடங்கு என்றால் நண்பர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அவர் தங்கை கட்டிக்கொடுத்த வடையிலிருந்து ஒரு மிளகை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். இது சூரியன். அப்படியானால் சிரியஸ் ஒரு சுண்டைக்காய். சுவாதி ஒரு தேங்காய். ரோகிணி ஒரு கால்பந்து. கேட்டை? பாரம் ஏற்றிய லாரியின் உயரத்துக்கு ஓர் உருண்டை.

தூரத்தையும் இதே கணக்கில் சொன்னால், மிளகைச் சென்னையில் வைத்தால் சுண்டைக்காய் திருச்சி பக்கத்தில் இருக்கும். நடுவில் வேறு சில மிளகுகள் இருக்கலாம், அதிகமில்லை. கேட்டை உருண்டையைத் தேடி பூமியைக் கிட்டத்தட்ட பாதி சுற்றிப் போக வேண்டும்.

இந்த உருண்டையைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, நாம், செவ்வாய் எல்லாரும் அதன் வயிற்றுக்குள் போய்விடுவோம். செவ்வாய்க்கு அப்பால் குறுங்கோள்கள் சுற்றுகின்றனவே, அங்கே வரை நீளும். 1861-ல் போக்ஸன் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் குறுங்கோள் அது. அதையும் கேட்டை முழுங்கிவிடும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இவ்வளவு பெரிய உடம்பில் சரக்கு என்னவோ சூரியனைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்குதான். அதை அந்த அகலத்துக்குப் பரப்பினால்? சராசரியாக, நாம் மூச்சு விடும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு நீர்த்தது. ஆபீசில் இப்படிச் சில பேரைப் பார்த்திருக்கிறேன், அதை விடுங்கள். நேர் எதிர்க்கேஸும் உண்டு. சிரியஸுக்கு ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது. சைஸ் பூமி அளவு, நம் மிளகுக் கணக்கில் மிளகுத்தூளில் ஒரு துகள். எடையோ ஒரு முழுச் சூரியன். இந்த மாதிரிக் குள்ளர்கள் எவ்வளவு எடைவரை தாங்குவார்கள் என்று 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கணக்குப் போட்டவர்தான் சுப்ரமணியன் சந்திரசேகர், நம் பிரசிடென்ஸி கல்லூரிப் பையன். 1983-ல் நோபல் கொடுத்தார்கள்.

பெரிய நட்சத்திரங்களுக்கு ஆயுசு குறைச்சல். சூரியன் 460 கோடி வருஷமாகச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறது. இன்னும் அவ்வளவு ஓட்டும். கேட்டைக்கு வயது ஒரு கோடியைச் சுற்றித்தான், அதற்குள் கடைசிக் கட்டம். முதல் தேதி சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் முடிக்கிற ஜாதி.

இதில் பாப்புவுக்கு ஒரு பங்கு உண்டு. 1957-ல் ஆலின் வில்சன் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்தது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் கால்சியத்தால் வரும் கறுப்புக் கோடு ஒன்று விழும். சூரியன் மாதிரி, அதைவிடச் சிவந்த நட்சத்திரங்களில் அந்தக் கறுப்புக்கு நடுவே மெல்லிசாக ஒரு வெளிச்சக் கோடு இருக்கும். அந்தக் கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அந்த நட்சத்திரத்தின் நிஜப் பிரகாசம் அதிகம். தூரம் தெரிய வேண்டியதில்லை, கோட்டை அளந்தால் போதும். வேட்டிக் கரையின் அகலத்தைப் பார்த்து ஆளின் வசதியைச் சொல்லும் ஜவுளிக்கடைக்காரர் மாதிரி! நிஜப் பிரகாசம் தெரிந்து, இங்கே எவ்வளவு தெரிகிறது என்பதும் தெரிந்தால், தூரம் தன்னால் வந்துவிடும். 'வில்சன்-பாப்பு விளைவு' என்று புத்தகங்களில் பெயரே இருக்கிறது.

நண்பர் மறுபடி தொலைநோக்கியில் குனிந்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் ஒரு கல்லூரிக் கூட்டம் காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கேட்டைன்னா ஒரே நட்சத்திரம்தானே?" என்று கேட்டார் கண்ணை எடுக்காமல்.

"இல்லை சார், அதுக்கு ஜோடி இருக்கு" என்றார் ஊழியர். "நீலம் கலந்த வெள்ளை. ஒட்டினாப்பல இருக்கும். இதோட வெளிச்சத்தில இந்தச் சின்ன தொலைநோக்கியில பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். 1819-ல நிலா கேட்டையை மறைச்சப்பதான் முதல்ல கண்ணில பட்டுது."

நண்பர் நிமிர்ந்தார். "ஜோடி இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுக்கே கல்யாணம் ஆயிடுச்சா!" என்றார். கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார்.

'கேட்டையில் பிறப்பது' என்றால் என்ன? பிறந்த நேரத்தில் நிலா அந்தத் திசையில் நின்றது, அவ்வளவே. நிலா மாசா மாசம் இருபத்தேழு நட்சத்திரப் பக்கமும் ஒரு ரவுண்டு வந்துவிடுகிறது. நிலாவுக்கு வெளிச்சம் போக ஒண்ணேகால் விநாடி. கேட்டைக்கு 550 வருஷம். துபாயில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனை அது எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் நம் சூரியனே கண்ணுக்குத் தெரியாது.

டிரைவரும் பார்த்தார். "நம்முளுது என்ன நட்சத்திரம்னு எங்கம்மாவுக்கே தெரியாது சார்" என்றார். "கல்யாணம் ஆயிடுச்சு, மூணு பசங்க."

பத்தரை மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். கேட்டை எங்கள் கூடவே, ஒரு வளைவில் வலதுபக்கம், அடுத்த வளைவில் இடதுபக்கம் என்று வந்தது. ஆலங்காயம் நெருங்கும்போது செல்போனில் சிக்னல் வந்தது. நண்பர் உடனே போன் போட்டார். ராத்திரி பதினொன்றைத் தாண்டியிருந்தும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"பார்த்தியா அண்ணா?"

"பார்த்தேம்மா. செவப்பா, அழகா இருக்கு. சூரியனைவிட எழுநூறு மடங்கு பெரிசு."

"அம்மாடி! அப்புறம்?"

"அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கிற இடத்தில வெச்சா செவ்வாயையே முழுங்கிடுமாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"அண்ணா," என்றாள், "அப்போ எனக்கு செவ்வாய் தோஷமும் கிடையாதுன்னு ஜோசியர்கிட்ட சொல்லிடு."